சாம்புவின் அதிர்ஷ்டமும் தண்ணியில்லாக் காடும்

காவல் நிலையத்தை வைத்து எடுக்கப்படும் தமிழ் நகைச்சுவைக் காட்சிகளில் ஒரு மிரட்டல் தவறாமல் இடம்பெறும். மேலதிகாரி நாற்காலியை விட்டு எழுவார், எதிரில் விறைத்து நிற்கும் காவலரைத் தண்ணியில்லாக் காட்டுக்குத் தூக்கியடித்துவிடுவதாகச் சொல்வார், பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். அந்தக் காடு எங்கே இருக்கிறது என்று யாரும் விளக்குவதில்லை. விளக்கத் தேவையில்லை. அரசு ஊழியர்களின் பேச்சில் பல தலைமுறைகளாகத் தண்டனை இடமாற்றத்துக்கு மறுபெயராக இருந்துவந்தது எங்கள் ராமநாதபுரம். அந்தக் காவலர் பெட்டி படுக்கையோடு இங்கே வந்து சேர்ந்தபிறகு என்ன ஆகிறார், எந்த வழக்கை விசாரிக்கிறார், யாரை அடிக்கிறார், யாரிடம் ஏமாறுகிறார் என்பதை அந்தக் காட்சிகள் காட்டுவதில்லை. நகைச்சுவை மாவட்ட எல்லையிலேயே இறங்கிக்கொண்டுவிடுகிறது.

குற்றமும் சிரிப்பும் கலந்த தொலைக்காட்சித் தொடர் என்னும் வடிவத்தின் நிறைகளையும் குறைகளையும் பேசுவதற்கு இந்த மிரட்டலைவிடப் பொருத்தமான தொடக்கம் எனக்குத் தெரியவில்லை. தமிழில் அந்த வடிவத்தின் மூதாதை துப்பறியும் சாம்பு. அவரைப் பற்றி நம் இலக்கிய ஆர்வலர்கள் எழுதுவதெல்லாம் பெரும்பாலும் நினைவேக்கமாக இருக்கிறது. அந்தக் காலத்து விகடன், அந்தக் காலத்துத் தூர்தர்ஷன், அந்தக் காலத்து மாசற்ற சிரிப்பு என்று பெருமூச்சோடு முடிந்துவிடுகிறது. சாம்பு அதைவிட முக்கியமானவர். அதைவிடச் சிக்கலானவரும்கூட. நம் மொழியில் காவல்துறையின் மீது எழுதப்பட்ட மிகக் கூர்மையான கேலி அவருக்குள் இருக்கிறது. அந்தக் கேலியை முனை மழுங்கச் செய்யும் ஒரு சமாதானமும் அவருக்குள்ளேயே இருக்கிறது. நம் சின்னத்திரை இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொண்டது என்பதே என் வாதம்.

முதலில் நிறைகள்.

தேவன் என்கிற ஆர். மகாதேவன் (1913-1957) 1940களில் ஆனந்த விகடனில் எழுதிய கதைகளின் நாயகன் சாம்பு. வழுக்கைத் தலை, கருட மூக்கு, அசட்டுப் பார்வை. வங்கியில் குமாஸ்தாவாக இருந்தபோது முட்டாள் என்று பெயரெடுத்தவர். துப்பறிவாளராக மாறியபின் அவர் தொட்டதெல்லாம் துலங்குகிறது. அறிவால் அல்ல, தற்செயலால். அவர் தடுக்கி விழும் இடத்தில் களவுபோன பொருள் இருக்கும். அவர் பயந்து ஓடும் திசையில் திருடன் ஒளிந்திருப்பான். அவர் வாய்தவறிச் சொன்ன சொல் குற்றவாளியின் காதில் மறைபொருளாக ஒலிக்கும். இன்ஸ்பெக்டர் கோபாலன் அதையெல்லாம் ஆழ்ந்த உத்தியென்று எண்ணி வியப்பார். சாம்புவோ என்ன நடந்தது என்று புரியாமலே பாராட்டுகளை ஏற்றுக்கொள்வார்.

இதன் சிறப்பை உணர, உலகின் மற்ற நகைச்சுவைத் துப்பறிவாளர்களோடு அவரை வைத்துப் பார்க்கலாம். அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1970களில் புகழ்பெற்ற கொலம்போ கசங்கிய மழைக்கோட்டோடு அசடுபோல நடிப்பவர், உள்ளே கத்தி. 2002 முதல் 2009 வரை வந்த 'மாங்க்' தொடரின் நாயகன் ஓயாத அச்சங்களால் அலைக்கழிபவர். ஆனால் அவருடைய கண்ணுக்கு எதுவும் தப்பாது. 1985இல் தூர்தர்ஷனின் தேசிய ஒளிபரப்பில் பங்கஜ் கபூர் கேரட்டைக் கடித்துக்கொண்டே துப்பறிந்த கரம்சந்த் கோணங்கித்தனங்கள் நிறைந்தவர், மூளையில் கோளாறில்லை. இவர்கள் எல்லோரிடமும் சிரிப்பு வெளித்தோற்றத்தில் இருக்கிறது. அறிவின் மீதான நம்பிக்கை அப்படியே இருக்கிறது. உண்மையிலேயே மூடரான துப்பறிவாளர் என்றால் உலகம் பிங்க் பாந்தர் படத்தின் கிளூஸோவைச் சொல்லும். அந்தப் படம் வந்தது 1963இல். நம் சாம்பு அவருக்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் மூத்தவர்.

மூடர் வெற்றி பெறுகிறார் என்றால் அந்த வெற்றியைப் பதிவுசெய்யும் அமைப்பைப் பற்றி நாம் என்ன நினைக்க வேண்டும்? தேவனின் கேலி இங்கேதான் உச்சத்தைத் தொடுகிறது. குற்றம் கண்டுபிடிக்கப்படுவது பெரும்பாலும் தற்செயல். பிறகு அதற்குக் காரணகாரியம் கற்பித்து, கோப்பு தயாரித்து, பாராட்டு வழங்குவது அமைப்பின் வேலை. சாம்புவின் புகழ் முழுவதும் பிறர் அவருக்குக் கட்டிக்கொடுத்தது. கோபாலன் போன்ற ஒரு அதிகாரிக்கு மேதை ஒருவர் தேவைப்படுகிறார், பத்திரிகைகளுக்கும் தேவைப்படுகிறார், நகையைத் தொலைத்த பணக்காரருக்கும் தேவைப்படுகிறார். எனவே ஒரு மேதை உற்பத்தியாகிறார். இந்தச் சமூக உண்மையை ஒரு வரிகூடப் பிரசங்கம் செய்யாமல் ஐம்பது கதைகளில் சொல்லிவிட்டுப் போனவர் தேவன்.

இரண்டாவது நிறை, வீடு. சாம்புவின் மனைவி வேம்பு இல்லாமல் அந்தக் கதையுலகம் இல்லை. ஊரே மேதை என்று கொண்டாடும் மனிதர் வீட்டில் என்ன மதிப்பு பெறுகிறார் என்பதை நடுத்தரக் குடும்பத்தின் கூடத்தில் உட்கார்ந்து காட்டுகிறார் தேவன். மேற்கத்தியத் துப்பறிவாளர்களில் பெரும்பாலோர் தனியர்கள். சாம்புவுக்கு மாதக் கடைசி உண்டு. குற்றக்கதையைச் சமையலறைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தது தமிழ் நகைச்சுவையின் சொந்தச் சாதனை. பின்னாளில் நம் தொலைக்காட்சித் தொடர்கள் குடும்பத்தையே மையமாக்கிக்கொண்டபோது இந்த வழி அவற்றுக்குத் திறந்தே கிடந்தது. அவை அந்தப் பக்கம் போகவில்லை என்பது வேறு துயரம்.

மூன்றாவது, நடிகர். விகடனில் ராஜுவின் ஓவியமும் பின்னாளில் கோபுலுவின் சித்திரக் கதையும் சாம்புவுக்கு முகம் கொடுத்தன. மேடையில் நடராஜன் என்பவருக்கு 'சாம்பு' நடராஜன் என்று பெயரே நிலைத்தது. தூர்தர்ஷனில் சாம்புவாக வந்த காத்தாடி ராமமூர்த்தி, சோவின் நாடகத்தில் ஏற்ற பாத்திரத்தின் பெயரைத் தன் பெயரோடு சுமந்தவர். மேடையில் வசனத்தின் இடைவெளியை அளந்து பேசப் பழகியவர். சாம்புவைத் திரைக்குக் கொண்டுவருவதில் ஓர் அடிப்படைச் சங்கடம் இருக்கிறது. எழுத்தில் சாம்புவின் மனத்துக்குள் ஒன்றுமே நடக்கவில்லை என்பதை ஆசிரியர் நம் காதில் சொல்லிவிடுகிறார். கேமரா அதைச் சொல்லாது. நடிகரின் முகம் வெறுமையாக இருக்க வேண்டும். அந்த வெறுமையை மற்றவர்கள் ஆழம் என்று தவறாகப் படிக்கவும் இடம் இருக்க வேண்டும். வெறும் அசட்டுச் சேட்டை செய்தால் கோபாலன் முட்டாளாகத் தெரிவார். கொஞ்சம் புத்திசாலித்தனம் காட்டினாலோ சாம்பு செத்துவிடுவார். இந்தக் கம்பியில் நடக்க மேடைப் பயிற்சி தேவைப்பட்டது. இன்றைய நகைச்சுவைத் தொடர்களில் ஒவ்வொரு வசனத்துக்கும் பின்னால் சிரிப்பொலியைப் போட்டு நிரப்புகிறார்கள். அந்த மௌனத்துக்கு இடமே இல்லை.

இனி குறைகள்.

சாம்பு தவறு செய்கிறார். ஆனால் அவர் தவறு ஒருபோதும் தவறான ஆளைச் சென்று சேர்வதில்லை. முழுக் கட்டுமானமும் இந்த ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது. கண்மூடித்தனமாக நீட்டிய விரல் குற்றவாளியின் மேல்தான் போய் நிற்கும். தற்செயல் என்பது கண்ணில்லாதது என்று நாம் நினைக்கிறோம். சாம்புவின் உலகில் அதற்குக் கழுகுக் கண். ஐம்பது கதைகளிலும் அது நிரபராதியைத் தொடாமல் விலகிச் செல்கிறது. இதனால்தான் நம்மால் மனம்விட்டுச் சிரிக்க முடிகிறது. இதனால்தான் அந்தச் சிரிப்பு கடைசியில் யாரையும் சுடாமல் போகிறது. அமைப்பு முட்டாள்தனமானது என்று தொடங்கிய கேலி, முட்டாள்தனமாக இருந்தாலும் நீதி எப்படியோ கிடைத்துவிடும் என்ற தாலாட்டாக முடிகிறது.

இந்தக் குறையை வடிவத்தின் இயல்பு என்று சொல்லி ஒதுக்கலாம். நகைச்சுவைக் கதையில் நிரபராதி தூக்கில் தொங்கினால் யார் சிரிப்பது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், பிறகு வருகிறேன். அதற்கு முன் இன்னொரு குறையையும் சொல்லிவிட வேண்டும். சாம்புவின் குற்றங்கள் பெரும்பாலும் சொத்துக் குற்றங்கள். நகை, பணம், பத்திரம். பாதிக்கப்படுகிறவர்கள் வசதியானவர்கள். விசாரணை நடக்கும் இடம் அவர்களுடைய வரவேற்பறை. சந்தேகத்துக்கு உள்ளாகும் வேலைக்காரனோ வழிப்போக்கனோ காவல் நிலையத்தின் பின்னறையில் அன்றிரவை எப்படிக் கழிக்கிறான் என்ற பக்கம் கதை திரும்புவதே இல்லை. வாரப் பத்திரிகையின் நடுத்தர வர்க்க வாசகருக்கு அந்தப் பின்னறை தெரியாது என்பதால் அது கதையிலும் இல்லை.

தேவனை இதற்காகக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமல்ல. அவர் தனக்குத் தெரிந்த கூடத்தை எழுதினார், அபாரமாக எழுதினார். குற்றச்சாட்டு அவருக்குப் பின்வந்த தொலைக்காட்சியின் மீது. அவர் விட்டுச்சென்ற கேலியை வளர்க்காமல், அவர் காட்டாமல் விட்ட பின்னறையை நம் சின்னத்திரை நகைச்சுவைக் களமாக்கிக்கொண்டது.

இந்தியத் தொலைக்காட்சியின் நெடுங்கால வெற்றிகளில் ஒன்றான 'எஃப்.ஐ.ஆர்.' தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். சாப் டிவியில் 2006 முதல் 2015 வரை ஒளிபரப்பான இந்தி நகைச்சுவைத் தொடர். கவிதா கௌஷிக் நடித்த இன்ஸ்பெக்டர் சந்திரமுகி சௌதாலா கம்பீரமான பெண் அதிகாரி. ஆண்கள் நிறைந்த நிலையத்தை ஆட்டிவைக்கும் பெண் என்ற வகையில் அந்தப் பாத்திரத்துக்கு ஒரு வரவேற்கத்தக்க துணிச்சல் உண்டு. ஆனால் தொடரின் நிரந்தரச் சிரிப்பு எது? அவர் கொடுக்கும் அறை. கீழ்நிலைக் காவலருக்கு அறை, சந்தேகப்பட்டவருக்கு அறை, சும்மா வந்து நின்றவருக்கும் அறை. அறைகிற ஓசைக்கு ஒரு சிரிப்பு. தமிழில் முழுநீளக் குற்ற நகைச்சுவைத் தொடர்கள் அரிதாகிப்போன பின் அந்த இடத்தை ஆதித்யா, சிரிப்பொலி போன்ற அலைவரிசைகள் துண்டுக் காட்சிகளால் நிரப்பின. வடிவேலு காவலராக வந்து அடிவாங்குவார். அல்லது காவலரிடம் அடிவாங்குவார். வடிவேலு மகத்தான கலைஞர் என்பதில் எனக்கு ஐயமில்லை. அதிகாரத்தின் உடுப்பை மாட்டிக்கொண்ட எளியவன் அந்த உடுப்பு தாங்காமல் சரிவதை அவரைப்போல் உடலால் எழுதியவர் தமிழில் வேறு யாருமில்லை. ஆனால் அந்தக் காட்சிகள் முழுக் கதையிலிருந்து வெட்டி எடுக்கப்பட்டு நாள்முழுதும் ஓடும்போது மிஞ்சுவது அடி மட்டுமே. யார் அடித்தார், எதற்கு அடித்தார் என்பதெல்லாம் கழிந்துபோய், வரவேற்பறையில் ஒரு பின்னணி ஓசையாக அடி நிலைபெறுகிறது.

இப்போது தண்ணியில்லாக் காட்டுக்கு வருவோம். நகைச்சுவை இறங்கிக்கொண்ட அந்த மாவட்டத்தில் உண்மையில் என்னென்ன வழக்குகள் பதிவாகின்றன?

கடல் அட்டை என்ற உயிரினத்தை எடுத்துக்கொள்வோம். மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் கடலடியில் ஊர்ந்து, மணலைத் தின்று மணலைக் கழித்து வாழும் சாது. 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அது சேர்க்கப்பட்டது. புலியும் யானையும் இருக்கும் அட்டவணை. அன்றுவரை தாத்தா காலத்திலிருந்து மூழ்கி அட்டை எடுத்துக்கொண்டிருந்தவர் மறுநாள் காலையில் சட்டப்படி புலிவேட்டைக்காரர். அதே கடலின் அக்கரையில், இலங்கையில், அட்டை பிடிப்பது உரிமம் பெற்ற தொழில். யாழ்ப்பாணக் கரையில் பண்ணை வைத்தே வளர்க்கிறார்கள். ஆக ஒரே அட்டை ஒரு கரையில் கைதுக்குரிய குற்றம், இன்னொரு கரையில் அந்நியச் செலாவணி. பாதுகாப்பு தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. அளவின்றி அள்ளினால் கடலடி மலடாகும் என்பது உண்மை. ஆனால் கண்ணில்லாத ஒரு பிராணி, தான் எந்த நாட்டு எல்லைக்குள் ஊர்கிறோம் என்பதை வைத்துத் தன்னைப் பிடித்தவனின் விதியைத் தீர்மானிக்கிறது என்பதைவிட ஆழமான அங்கதக் கரு எந்த எழுத்தாளருக்குக் கிடைக்கும்?

மஞ்சளைப் பாருங்கள். 2019இன் இறுதியிலிருந்து இலங்கை மஞ்சள் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் கிடக்கும் விரலி மஞ்சள் ஒரே ஆண்டில் கடத்தல் பொருளாகிவிட்டது. மண்டபம், வேதாளை, மரைக்காயர்பட்டினம் என்று கரையோர ஊர்களின் பெயர்கள் மஞ்சள் மூட்டைகளோடு செய்தித்தாளில் வரத் தொடங்கின. பீடி இலை எப்போதுமே போகும். அந்தப் பக்கத்திலிருந்து தங்கம் வரும். 2023 பிப்ரவரியில் கடலோரக் காவல்படையினர் துரத்தியபோது படகில் வந்தவர்கள் பொட்டலத்தைக் கடலில் போட்டுவிட்டார்கள். மண்டபத்துக்கு அருகே முக்குளிப்பவர்களை இறக்கித் தேடி, ஏறத்தாழ 17 கிலோவுக்கு மேற்பட்ட தங்கத்தை எடுத்தார்கள். சில மாதங்களுக்குள் அதே கடலில் அதே கதை மீண்டும் நடந்தது.

இன்னொன்று. 2018 ஜூனில் தங்கச்சிமடத்தில் ஒரு மீனவர் வீட்டில் கழிவுத் தொட்டிக்குக் குழி தோண்டினார்கள். மண்வெட்டியில் இரும்புப் பெட்டி தட்டுப்பட்டது. உள்ளே தோட்டாக்கள். ஒரு பெட்டியல்ல, பெட்டி பெட்டியாக. 1980களில் இந்தக் கரையில் முகாமிட்டிருந்த போராளிக் குழுக்களின் மிச்சம் என்று கருதப்பட்டது. முப்பது ஆண்டுகளாக அந்த மண்ணின் மேல் நடந்து, சமைத்து, பிள்ளைகள் விளையாடி, ஒரு கழிப்பறைக்காகத் தோண்டியபோது வரலாறு வெளியே வந்தது. சாம்பு தடுக்கி விழும் குழிக்கு இதைவிடப் பொருத்தமான குழி இல்லை. தேவன் உயிரோடு இருந்து இந்தச் செய்தியைப் படித்திருந்தால் விட்டிருப்பாரா?

நம் திரைக்கதாசிரியர்கள் விட்டார்கள். தென்கடல் திரைக்கு வந்தது. 2013இல் 'சிங்கம் 2' தூத்துக்குடியின் கடற்கடத்தலைக் காட்டியது. கர்ஜிக்கும் காவல் அதிகாரி ஒருவரின் பின்னணித் திரையாகக் காட்டியது. அந்த வகைப் படங்களில் அதிகாரி எப்போதும் சரி. அவருடைய கை ஓங்கினால் அது நீதி. சாம்பு எதைக் கேலி செய்தாரோ அதுவே அங்கே வழிபாட்டுக்குரியதாகிறது. எனவே குற்றக்கதையில் நகைச்சுவை வேண்டாம், சீரியஸாக எடுங்கள் என்று கோருபவர்களின் கட்சியில் நான் இல்லை. சீரியஸான காவல் படங்கள் செய்திருக்கும் தீங்கோடு ஒப்பிட்டால் சாம்புவின் தாலாட்டு ஒன்றுமே இல்லை. உடுப்பின் மேல் கட்டிய ஒளிவட்டத்தைக் கழற்றும் வல்லமை சிரிப்புக்கு மட்டுமே உண்டு. அதனால்தான் அதனிடம் கூடுதலாக எதிர்பார்க்கிறேன்.

என்ன எதிர்பார்க்கிறேன் என்பதைச் சொல்ல, சிரிப்புக்கு இடமில்லாத ஒரு செய்தியைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1985 வரை ராமநாதபுரம் மாவட்டத்தின் பகுதியாக இருந்து பிறகு பிரிந்தது சிவகங்கை. அங்கே திருப்புவனத்துக்கு அருகில் மடப்புரம் காளி கோவிலில் 2025 ஜூனில், காரில் வைத்திருந்த நகை காணவில்லை என்று ஒரு புகார் வந்தது. கோவிலில் காவலாளியாக இருந்த இளைஞர் ஒருவரை விசாரணைக்கு அழைத்துச் சென்றார்கள். அவர் உயிரோடு திரும்பவில்லை. காவலர்கள் ஐவர் கைது செய்யப்பட்டார்கள், வழக்கு சி.பி.ஐ.யிடம் சென்றது. அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன் 2020 ஜூனில், தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடை திறந்திருந்ததாகச் சொல்லி அழைத்துச் செல்லப்பட்ட தந்தையும் மகனும் இறந்தார்கள்.

மடப்புரத்துப் புகாரை இன்னொரு முறை படியுங்கள். நகை காணவில்லை. வசதியான ஒருவரின் புகார். அருகில் நின்ற எளிய வேலைக்காரர் மேல் சந்தேகம். தேவனின் கதை ஒன்றின் முதல் பத்தி அப்படியே இருக்கிறது. விகடனின் பக்கத்தில் அடுத்த பத்தியில் சாம்பு தடுக்கி விழுவார், நகை கிடைக்கும், வேலைக்காரர் வீட்டுக்குப் போவார். மடப்புரத்தில் தற்செயலுக்குக் கழுகுக் கண் இல்லை. நீட்டிய விரல் நீட்டிய இடத்திலேயே நின்றது. ஒரே தொடக்கத்துக்கு இரண்டு முடிவுகள்; அவற்றுக்கு நடுவில் இருக்கும் தூரத்தைத்தான் நம் நகைச்சுவை அளக்க மறுக்கிறது.

இங்கே வழக்கமான மறுப்பு எழும். சிரிக்க வைப்பதற்கென்று எழுதப்பட்ட கதைமேல் காவல் மரணத்தின் பாரத்தை ஏற்றலாமா, வாழ்க்கையில் துயரம் போதாதா, அரை மணி நேரம் மறந்து சிரிக்கக் கூடாதா என்பார்கள். மறந்து சிரிப்பதை நான் தடுக்கவில்லை. ஆனால் எதை மறப்பது என்ற உரிமை எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை. காவல் நிலையத்தின் பின்னறையை மறந்துவிட்டுச் சிரிக்க, முதலில் அதைத் தெரியாமலிருக்கும் வசதி வேண்டும். தங்கச்சிமடத்திலும் கீழக்கரையிலும் பரமக்குடியிலும் தொலைக்காட்சி பார்ப்பவர்கள் பலருக்கு அந்த வசதி இல்லை. 2011 செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் காவலர் சுட்டு உயிர்கள் போனதைக் கண்ட ஊர் இது. இந்த ஊரின் கூடத்தில் உட்கார்ந்து பார்க்கும்போது அறையின் ஓசை சென்னையில் கேட்பதுபோல் கேட்காது.

நிரபராதி அடிபட்டால் யார் சிரிப்பது என்ற கேள்விக்கும் இப்போது பதில் சொல்லலாம். சிரிக்க முடியும் என்பதற்கு அண்மையில் ஒரு தமிழ்ச் சான்று இருக்கிறது. சுரேஷ் சங்கையா 2023இல் எடுத்த 'சத்திய சோதனை'. தொலைக்காட்சித் தொடரல்ல, திரைப்படம். ஆனாலும் நம் பேச்சுக்கு அதைவிட நெருக்கமானது வேறில்லை. பிரேம்ஜி நடித்த கிராமத்து அப்பாவி வழியில் ஒரு பிணத்தைப் பார்க்கிறான். அதன் மேலிருந்த கைக்கடிகாரத்தையும் கைப்பேசியையும் எடுத்துக்கொண்டுபோய் நிலையத்தில் ஒப்படைக்கிறான். நேர்மையாக நடந்ததால் மாட்டிக்கொள்கிறான். இறந்தவர் மேல் இன்னும் நகை இருந்திருக்குமே, அது எங்கே என்பதே காவலர்களின் கவலை. கொலையாளி யார் என்பது இரண்டாம் பட்சம். படம் முழுக்கச் சிரிப்பு இருக்கிறது. ஆனால் அது அடிபடுகிறவனைப் பார்த்து எழுவதல்ல. அடிக்கிறவர்களின் பேராசையை, அவர்கள் நிலையத்துக்குள் நடத்தும் கணக்குவழக்கைப் பார்த்து எழுவது. சாம்பு வெளியிலிருந்து உடைத்த ஒளிவட்டத்தை இந்தப் படம் உள்ளிருந்து உடைக்கிறது. குறைகள் இல்லாமலில்லை, நீட்டி இழுத்த காட்சிகள் உண்டு. ஆயினும் வழி திறந்தே இருக்கிறது என்று அது காட்டிவிட்டது. சங்கையா 2024இல் இளம் வயதிலேயே மறைந்துபோனது இந்த வகை நகைச்சுவைக்குப் பெரிய இழப்பு.

ஒரு திரைப்படத்தைவிடத் தொடருக்கே இந்தக் கடற்கரை பொருந்தும் என்பது என் எண்ணம். திரைப்படத்துக்கு ஒரு குற்றம் போதும். தொடருக்கு ஒரு நிலையம் வேண்டும். வாரந்தோறும் வாசலில் வந்து நிற்கும் மனிதர்கள் வேண்டும். கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1994இலிருந்து இருக்கிறது. அதைத் தவிர உள்ளூர்க் காவல், கியூ பிரிவு, சுங்கத்துறை, வருவாய்ப் புலனாய்வு, வனத்துறை, கடற்படை, கடலோரக் காவல்படை என்று ஒரே கரையில் இத்தனை உடுப்புகள். ஒரு மூட்டை கரையொதுங்கினால் அது யாருடைய வழக்கு? மஞ்சள் என்றால் சுங்கம், அட்டை என்றால் வனம், தோட்டா என்றால் கியூ. மூட்டையைப் பிரிப்பதற்கு முன்பே சண்டை தொடங்கிவிட வாய்ப்பிருக்கிறது. வெளியூரிலிருந்து தண்டனையாக மாற்றப்பட்டு வந்த ஒரு காவலர், பரவையும் விடுமீனும் அறியாதவர், இந்தக் கரையின் பேச்சைக் கற்றுக்கொள்ளத் தடுமாறுகிறார். அவரைவிடப் பத்து மடங்கு விவரம் தெரிந்த மீன்விற்கும் பெண்கள் அவரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். கதை மாவட்ட எல்லையைத் தாண்டி உள்ளே வந்தால் தண்ணியில்லாக் காட்டு நகைச்சுவை தலைகீழாகிவிடும். மிரட்டலுக்குப் பயன்பட்ட ஊர், மிரட்டியவரையும் மிரட்டப்பட்டவரையும் நிறுத்தி வைத்துப் பார்க்கும் ஊராகும்.

அப்படி ஒரு தொடர் வந்தால் அதனிடம் நான் வைக்கும் நிபந்தனை ஒன்றே ஒன்று. சாம்புவின் அசட்டுத்தனம் இருக்கட்டும்; கோபாலனின் வியப்பு இருக்கட்டும்; வேம்புவின் வீடும் மாதக் கடைசியும் இருக்கட்டும். ஆனால் துப்பறிபவர் தவறாக விரல் நீட்டும்போது, அந்த விரல் நீண்ட மனிதருக்கு ஒரு பெயரும் ஒரு தெருவும் அன்றிரவு வீட்டில் காத்திருக்கும் ஒருவரும் இருக்க வேண்டும். தவறு திருத்தப்படலாம், நகைச்சுவையில் திருத்தப்படத்தான் வேண்டும். ஆனால் அதைத் திருத்த யாரோ ஒருவர் பாடுபட வேண்டும். ஒரு எழுத்தரோ, ஒரு வழக்கறிஞரோ, சங்கு விற்கும் ஒரு கிழவியோ. அதிர்ஷ்டத்தின் தலையில் அந்த வேலையைக் கட்டிவிட்டு நாம் சிரித்தது போதும். ஐம்பது கதைகளில் அது செய்து முடித்துவிட்ட வேலைக்கு ஓய்வு கொடுக்கலாம்.